பால்மாவு டின்னில் கிடந்த வெள்ளி

அம்மாவின் முதலாமாண்டு நினைவுப் படையல் முடிந்த மறுநாள், அலமாரியின் மேல்தட்டில் இருந்த அந்தப் பழைய பால்மாவு டின்னைக் கீழே இறக்கினோம். அக்கா, நான், தம்பி மூவரும் ஒரே வீட்டில் ஒரே நாளில் சேர்ந்திருப்பது இப்போதெல்லாம் அபூர்வம். "இன்னைக்கே பார்த்துடலாம், இல்லாட்டி அடுத்த வருசம்தான்" என்றாள் அக்கா. டின்னைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள்.

மொத்தம் அறுபத்தொரு நாணயங்கள். பாதி கறுத்தும் பாதி பளபளத்தும் கிடந்தன. அம்மாச்சியிடமிருந்து அம்மாவுக்கு வந்தவை அவை. சின்ன வயதில் நாங்கள் இந்த டின்னைப் 'புதையல்' என்றுதான் சொல்வோம்.

மூன்றாம் படிவத்தில் படிக்கும் என் மகன் ஒரு பெரிய நாணயத்தை எடுத்துக் கையில் எடை பார்த்தான். "இதுதான் உண்மையான வெள்ளியா? அப்ப நாம ஏம்மா ரிங்கிட்டையும் வெள்ளின்னு சொல்றோம்?"

'பத்து வெள்ளி கொடு', 'மூணு வெள்ளி மிச்சம்' என்று தினமும் பேசுகிறேன். ஆனால் ஒரு நாளும் அந்தச் சொல்லை நிறுத்திப் பார்த்ததில்லை. நம் பாட்டன் பாட்டிகள் இங்கே வாங்கிய ஒரு டாலர் நாணயம் வெள்ளியால் ஆனது. உலோகம் போய்த் தாள் வந்தது, டாலர் போய் ரிங்கிட் வந்தது, நம் வாயில் மட்டும் வெள்ளி நின்றுவிட்டது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் வெள்ளிக் காசிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பு ரம்பப்பல் போல இருக்கும். அந்தப் பல்விளிம்பைக் குறிக்கும் சொல்லே ரிங்கிட்.

மகன் இதைக் கேட்டு மகிழ்ந்தான். மேசையைச் சுற்றியிருந்த பெரியவர்களின் மனத்தில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் புலனத்தில் ஒரு காணொளி வந்திருந்தது. பழைய ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் பத்து லட்சம் தருவார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் செலுத்தினால் போதுமாம். "நம்மகிட்ட ஒன்பது ரூபா இருக்கு சின்னக்கா" என்றான். அவன் குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது. அக்காவுக்கோ ஒரு காசைக்கூட விற்க மனமில்லை. "அம்மாச்சி கை பட்டது" என்று டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. விற்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆளுக்கு இரண்டு நாணயம் நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

தம்பியின் காணொளி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம், வரி என்று பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் பொதுமக்களை எச்சரித்தது. நம்மிடம் இருப்பதை வாங்க வருகிறவர் நம்மிடமே முன்பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகனும் நானும் உட்கார்ந்தோம். ஒரு சிறிய மின்தராசு, ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் கருவிகள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம் என்பதால் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் பாடம், பெரிய நாணயத்தில்தான் வெள்ளி அதிகம் என்று நினைக்காதீர்கள். 1903இல் தொடுவாய்க் குடியேற்றத்துக்கென்று தனி டாலர் நாணயம் அச்சடித்தபோது அதன் எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியது. காசை உருக்கி விற்றால் அதன் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் நிலை வந்தது. 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். முதல் உலகப்போருக்குப் பின் வெள்ளி விலை மீண்டும் எகிற, 1919 முதல் எடையும் குறைந்தது, தரமும் குறைந்தது: 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி.

எங்களிடம் இருந்த ஐந்து டாலர்களில் ஒன்று 1907ஆம் ஆண்டு, ஏழாம் எட்வர்ட் மன்னருடையது. மற்ற நான்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை. நான்கிலும் தலைக்கு எட்டரை கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே சுத்த வெள்ளி. பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் 10.69 கிராம். சின்ன ரூபாய் பெரிய டாலரைத் தோற்கடித்துவிட்டது. 1940இல் இந்திய ரூபாயிலும் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எங்களுடைய ஒன்பதும் அதற்கு முந்தையவை.

இரண்டாவது பாடம், ஆண்டைப் பாருங்கள். மலாயா என்று பொறித்த 20 காசு, 10 காசு, 5 காசு நாணயங்கள் 1939இல் வந்தபோது அவற்றில் முக்கால் பங்கு வெள்ளி. 1945 என்று போட்டவற்றில் பாதிதான். 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். எங்களிடம் இருந்த முப்பத்து மூன்று சில்லறையில் ஆறு இந்தக் கடைசி ரகம். பளபளப்பில் அவைதான் முதலிடம்!

ஆண்டு பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிந்ததாம். எதிர்ப்புக் கிளம்ப, நாணயத்தைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். தப்பிய 'பன்றி ரூபாய்'க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி விலை. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் பார்த்தான். எங்களுடையது 1912. யானை ஒழுங்காக யானையாகவே இருந்தது.

மூன்றாவது பாடம், போலி. டின்னில் பிரிட்டானியா தேவி கையில் சூலத்தோடு நிற்கும் பெரிய வணிக டாலர்கள் மூன்று இருந்தன. ஒரு பக்கம் சீனத்திலும் ஜாவியிலும் 'ஒரு ரிங்கிட்' என்று எழுதியிருக்கும். கீழை நாட்டு வணிகத்துக்காக 1895 முதல் அச்சடித்தவை. ஒன்று அம்மாச்சியுடையது. மற்ற இரண்டையும் அப்பா ஒரு பாசார் மாலாமில் வாங்கி வந்தது எனக்கே நினைவிருக்கிறது. உண்மையானது 26.95 கிராம் இருக்க வேண்டும். அப்பா வாங்கியதில் ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று ஒட்டவில்லை, ஆனால் எடை 24.3.

அதைத் தண்ணீரில் சோதித்தோம். தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுங்கள். நல்ல வெள்ளி நாணயம் என்றால் விடை பத்துக்குச் சற்று மேலே வரும். அம்மாச்சியுடையது 26.8 கிராம், தண்ணீரில் 2.6 காட்டியது. விடை 10.3. அப்பாவுடையது 8.4. நல்லவேளை, அப்பா இல்லை. இருந்திருந்தால் தராசுதான் கெட்டுப்போயிருக்கிறது என்றிருப்பார்.

நான்காவது பாடம்தான் எனக்கு வலித்தது. நாணயத்தைத் துலக்கக்கூடாது.

தீபாவளிக்கு முதல் வாரம் அம்மாச்சி டின்னைத் திறப்பார். புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். குத்துவிளக்கோடு சேர்த்து நாணயங்களையும் தேய்ப்போம். ஒன்பது வயதில் நான் ஒரு படி மேலே போய், செம்பு துலக்கும் திரவத்தால் அந்த 1907 டாலரைத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கிப் பாராட்டும் வாங்கினேன். காலம் போகப் போக வெள்ளியின் மேல் படியும் கருமையைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். தேய்த்தால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். அவற்றை எந்த வித்தையாலும் அழிக்க முடியாது. கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே விடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். மென்மையான பிவிசி உறைகளில் போடாதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசின் படியும்.

பட்டியல் தயாரானது. ஆண்டு, எடை, சுத்த வெள்ளி எவ்வளவு, இருபுறமும் புகைப்படம். அதன் பிறகுதான் கடைப்படி ஏறினேன்.

முதல் கடைக்காரர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி மொத்தமாக நிறுத்தார். "எல்லாம் பாதி வெள்ளிதான்" என்று ஒரே விலை சொன்னார். பட்டியல் இல்லாவிட்டால் தலையாட்டியிருப்பேன். எங்கள் ஒன்பது ரூபாயில் மட்டும் 96 கிராம் சுத்த வெள்ளி. அவர் கணக்கில் அது 52 கிராம் ஆகியிருக்கும். நன்றி சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டு வந்தேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிறு பழம்பொருள் சந்தையில் கடை போடும் ஒரு சீனப் பெரியவரிடம் அடுத்து போனோம். அவர் நாணயங்களை மூன்று குவியலாகப் பிரித்தார். உலோக விலைக்குப் போவது, சேகரிப்பாளருக்குப் போவது, கதைக்கு ஆகாதது. சேகரிப்பாளர் குவியலில் ஏழே ஏழு. 1907 டாலரை விளக்கில் சாய்த்துப் பார்த்து, "யாரோ ரொம்ப அன்பாகக் கழுவியிருக்கிறார்கள்" என்று மலாயில் சொன்னார். அதை எடுத்து உலோகக் குவியலில் வைத்தார். நான் மகனைப் பார்க்கவில்லை.

வளையம் வைத்துப் பற்றவைத்த மூன்று ரூபாய்கள் அவர் கையில் நின்றன. "இவை சங்கிலியில் கோத்தவை. மற்றவை எங்கே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம், காப்பாரில் மகனோடு இருக்கும் பெரியம்மா. அம்மாவுக்கு நான்கு வயது மூத்தவர்.

பெரியம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. கேள்வியைக் கத்திச் சொல்ல வேண்டும். பதிலை அவரும் கத்தித்தான் சொல்வார். அந்த மூன்று ரூபாயை உள்ளங்கையில் வைத்தேன். பார்த்ததும் சிரித்தார்.

"அம்மாவோட காசுமாலை தாயி. இருபத்தொரு காசு. பதினெட்டு போச்சு, மூணு நின்னுச்சு."

எங்கே போயின என்பதை வரிசையாகச் சொன்னார். சப்பான்காரன் காலத்தில் டின் அடுப்படியில் புதைந்து கிடந்தது. தாத்தாவைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனபோது அம்மா கைக்குழந்தை. தாத்தா திரும்பவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வாழைமர நோட்டு வெறும் தாளாகிவிட்டது. மண்ணுக்குள் கிடந்த வெள்ளி செல்லுபடியானது. அரிசிக்கு, மருந்துக்கு, தங்கச்சியின் பள்ளிக்கூடச் சட்டைக்கு என்று காசுமாலை ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

"அப்புறம் ஏன் பெரியம்மா மூணோட நின்னுச்சு?"

"அப்புறம் நான் வேலைக்குப் போயிட்டேன்ல. அதுக்கப்புறம் அம்மா டின்ன தொடல."

1951. பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்வெட்டும் கத்தி பிடித்தவர். தங்கை டவுனுக்குப் பேருந்தில் போய்ப் படித்தாள், ஆசிரியையாக வந்தாள். அந்த ஆசிரியையின் பிள்ளைகள்தான் நாங்கள் மூவரும்.

காப்பாரிலிருந்து திரும்பும் வழியில் என் நோட்டுப் புத்தகம் எனக்கே பிடிக்கவில்லை. மொத்தத் தொகையை மூன்றால் வகுத்து, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். சட்டப்படி அதில் தவறில்லை. அம்மாவின் சொத்து, பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. ஆனால் அந்த டின்னில் அறுபத்தொரு நாணயம் மிஞ்சியதற்குக் காரணம், ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் சம்பளம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரவு மூவரும் கைப்பேசியில் பேசினோம். வாயைத் திறந்தால் சண்டை போடும் நாங்கள் அன்று சண்டை போடவில்லை. விற்கக்கூடாது என்றிருந்த அக்காவே, "அம்மாச்சி வித்துத்தான இருக்கு, நாம மட்டும் ஏன் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கணும்" என்றாள். அதுதான் சரி. அம்மாச்சி நாணயம் சேகரித்தவர் அல்லர். தேவை வரும்போது விற்பதற்காகப் போட்டு வைத்தவர். இப்போது தேவை காப்பாரில் இருந்தது.

எல்லாவற்றையும் விற்கவில்லை. வளையம் வைத்த மூன்றும் எங்கள் மூன்று வீட்டுக்கும் போயின. வளையம் இருப்பதால் சேகரிப்பாளருக்கு அவை வேண்டாம், எங்களுக்கு அந்த வளையம்தான் வேண்டும். 1920ஆம் ஆண்டு ஐம்பது காசு நாணயங்கள் பதினொன்று இருந்தன. அவற்றில் நான்கை நிறுத்திக்கொண்டோம், பெரியம்மாவுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒன்று. மகனிடம் அதைக் கொடுக்கும்போது ஒரு கணக்குச் சொன்னேன். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த தினக்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் அதையும் குறைத்தார்கள். ஆக, இந்த ஒரு நாணயம் ஓர் ஆணின் ஒரு நாள். அம்மாச்சிக்கு ஒரு நாளும் கால் நாளும். பதினொரு நாணயம் என்றால் ஏறக்குறைய பதினான்கு நாள் உழைப்பு, அதுவும் சாப்பாட்டுச் செலவு போக மிச்சம் பிடித்தால்.

மற்றதைச் சீனப் பெரியவரிடமே கொடுத்தோம். இன்னொரு கடையிலும் விலை கேட்டு ஒப்பிட்ட பிறகுதான். அன்றைய வெள்ளி விலையில் எத்தனை விழுக்காடு தருவார் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். நீங்களும் அப்படியே கேளுங்கள். முழு விலையையும் எந்த வியாபாரியும் தரமாட்டார், அவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் எத்தனை கிராம், எந்த விழுக்காடு என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சு நேராக இருக்கும்.

வந்த தொகையைக் கேட்டால் சிரிப்பீர்கள். லட்சமும் இல்லை, புதையலும் இல்லை. ஒரு நல்ல கைப்பேசி வாங்கலாம், அவ்வளவுதான். பெரியம்மாவின் காதுக்கருவிக்கு அது கொஞ்சம் போதவில்லை. குறைந்ததைத் தம்பி போட்டான், பத்து லட்சம் கனவு கண்ட அதே தம்பி.

பெரியம்மா வாங்க மறுத்தார். "உங்கம்மா உங்களுக்கு வச்சது" என்றார். "இது உங்க சம்பளம் பெரியம்மா, கொஞ்சம் தாமதமா வருது" என்று கத்தினேன். காதில் விழாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

கருவி பொருத்திய மறுவாரம் போனேன். மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று குறைபட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியும் சில புதிய தகவல்கள் வைத்திருந்தார்.

மகன் இப்போது பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காசுகளை நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். போக வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டின் இருக்கலாம். எடை போடுவதும் ஆண்டு பார்ப்பதும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், தராசு எங்கேயும் ஓடிப்போகாது. அந்தக் காசு எப்படி வந்தது, எப்படி மிஞ்சியது என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை அதைத் திறந்து, அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். எனக்கு அம்மாவிடம் கேட்க ஐம்பது வருடம் இருந்தது. கேட்கவில்லை.